சைக்கிளை விட்டு இறங்கும் அக்கா

அக்காவோடு சைக்கிளில் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் முதுகில் போய் மோதினேன். தப்பு என்மேல் இல்லை. மலேசியாவில் மந்தின் ஊருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டம். மண்பாதை, நல்ல மேடு. நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தேன். முன்னால் போன அக்கா சொல்லாமல் கொள்ளாமல் பிரேக்கைப் பிடித்தார், இறங்கினார், வண்டியை ஓரமாகச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார். எதிரே ஓர் இந்தோனேசியக்காரர் தள்ளுவண்டியில் பழக்குலைகளை ஏற்றி வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான் விஷயம். அக்கா அவருக்கு மலாயில் 'செலாமட் பாகி' என்று காலை வணக்கம் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். தள்ளுவண்டி கடந்து போன பிறகுதான் திரும்பி, மண்ணில் கிடந்த என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் இடம் விட்டு வரவேணும் தம்பி. நான் அடிக்கடி இறங்குவன்."

அடிக்கடி என்றால் எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்களுக்கு அவர் அக்காதான். அறுபதைத் தாண்டியிருந்தார். ஆனால் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் காது கேட்காதவர்போல் போய்விடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் 'ஓம்', 'வாங்கோ' இரண்டும் அவரை விட்டுப் போகவில்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். தலையில் ஹெல்மெட், அதற்குமேல் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. முன்னால் கூடை வைத்த பச்சை நிற சைக்கிள். கூடையில் பார்லித் தண்ணீர், தோட்டத்து நாய்களுக்கு பிஸ்கெட், அப்புறம் ஓர் எலுமிச்சம்பழம். ஞாயிறு காலை மாதா கோயில் பூசையை முதல் ஆளாக முடித்துவிட்டு வருகிறவருக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தோட்டத்திலயும் முனீஸ்வரர் நிக்கிறாரே. அவர் வீட்டு வழியாப் போறம். வெறுங்கையோட போறதா?"

நான் சேர்ந்த காரணத்தில் பக்தியும் இல்லை, இயற்கை ரசனையும் இல்லை. ஏர்கோன் பழுது பார்க்கிற வேலை எனக்கு. ஏணியில் ஏறும்போது எனக்கு முன்னால் என் தொப்பை ஏறியது. கிளினிக்கில் இனிப்புநீருக்காக ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்த தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் சைக்கிள் வாங்கினேன். துணைக்கு என் நண்பன் சேகரையும் இழுத்து வந்தேன். அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வாரம் ஐந்து நாளும் ஹாரன் சத்தத்தில் வாழ்கிறவனுக்கு கார் இல்லாத பாதை என்றதும் வாயெல்லாம் பல்.

அக்காவின் சட்டம் ஒன்றே ஒன்று. கார் ஓடுகிற சாலையைக் குறுக்கே கடக்கலாம், அதுவும் தள்ளிக்கொண்டு. அதோடு கூடவே போகக்கூடாது. அரை கிலோமீட்டர் தார்ச்சாலையைத் தவிர்க்க ஆறு கிலோமீட்டர் சுற்றுவார். நெடுஞ்சாலைக்கு அடியில் மாடுகள் போகிற சிமெண்டுக் குழாய் வழியாகச் சாணியை மிதித்துக்கொண்டு எங்களைக் கூட்டிப் போவார். மந்தினிலிருந்து கோலா கிளாவாங்குக்கு காரில் போனால் ஒரு சின்னத் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அக்காவின் வழியில் ஒரு பகல் முழுக்க ஆகும். ரப்பர் காடு, டுரியான் தோப்பு, மரம் வெட்டிய காலத்து லாரித் தடம், ஆற்றின்மேல் இரண்டே பலகை போட்ட பாலம், அதற்குமேல் நிஜமான காடு. அங்கே அட்டைகள் எங்களுக்காகவே காத்திருந்தன. வழியெல்லாம் மரநிழல். ஒரு ஹாரன் கிடையாது. உயரத்தில் எங்கோ குரங்குகள் மட்டும் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தன. உச்சியில் நின்று கீழே பார்த்தபோது, நாற்பத்து மூன்று வயதில் நான் பிறந்த மாநிலத்தை முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏன் கார்ச் சாலை ஆகாது என்று அங்கேதான் கேட்டேன். அடிபட்டிருப்பார், யாரையாவது இழந்திருப்பார் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.

"அதெல்லாம் ஒண்டுமில்ல. கார்ல வாறவன்ர முகம் தெரியாதே தம்பி. ஆரெண்டு பார்த்து இறங்குறது?"

இதுதான் அக்கா. எதிரே ஆள் வந்தால் இறங்க வேண்டும். இறங்க முடியாத சாலை அவருக்குச் சாலையே இல்லை. உரம் போடுகிற பங்களாதேஷ் பையன்கள், ஆடு மேய்க்கிற அம்மா, தோளில் மீன்வலையோடு வருகிற மலாய்ப் பெரியவர், ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வருகிற சின்னப் பிள்ளை என்று நடந்து வருகிறவர் யாராக இருந்தாலும் சரி. சைக்கிளில் வருகிறவராக இருந்தாலும் சரி. இறங்கி, ஓரமாக நின்று, முகத்தைப் பார்த்து ஒரு வணக்கம். அவர் கடந்த பிறகுதான் ஏறுவார். சமவெளியில் பரவாயில்லை. பாதி மேட்டில் இறங்கினால் மறுபடி ஏறி மிதிக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஒரு நாள் சேகர் எண்ணிக்கொண்டே வந்தான்.

"முப்பத்தொண்ணு! அக்கா, இன்னிக்கு முப்பத்தொரு தடவ எறங்கியிருக்கோம் லா. எறங்குன நேரத்துக்கு நடந்தே வந்திருக்கலாம்."

"நீ இறங்க வேணாம். உன்னை ஆர் கேட்டது?"

"நீங்க நிக்கிறப்ப நான் மட்டும் போனா எனக்கு ஒரு மாதிரியா இருக்குக்கா. சரி, அங்க மாடு வருது, அதுக்கும் எறங்கணுமா?"

"ரெண்டு கால்ல நடந்து வந்தா இறங்குவன்."

மரியாதை என்று நினைத்தோம். பழைய காலத்து ஆள், சபையில் வளர்ந்தவர், அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டோம். நான் வீட்டில் என் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்கூட.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. கோலா கிளாவாங் மலையில் ஆரம்பித்து போர்டிக்சன் கடலில் போய் முன்சக்கரத்தை நனைக்க வேண்டும், நடுவில் கார்ச் சாலை கூடாது. அதற்காகத் தன் கையாலேயே ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தார். போய் வந்த பாதைக்குச் சிவப்புக் கோடு. ஞாயிறுக்கு ஞாயிறு சிவப்பு நீண்டுகொண்டே போனது. நான் சேர்ந்த இரண்டாவது வருடம் பார்த்தால் ஒரே ஓர் இடம்தான் வெள்ளையாகக் கிடந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. அந்த இடத்தில் நேராக ஒரு தோட்டம் இருந்தது. அதைச் சுற்றிப் போனால் மணல் லாரி ஓடுகிற பெரிய சாலை.

கைப்பேசியில் வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினேன். "தோட்டத்துக்குள்ளாறவே ரோடு போகுதுக்கா. மூணு கிலோமீட்டர். கண்ணாடி மாதிரி இருக்கு."

"அந்தத் தோட்டம் வேணாம்."

"ஏன்க்கா?"

"வேணாம் எண்டா வேணாம்."

அந்த வருடம் அந்த நகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். சேறு, முள், ஒரு தடவை காட்டுப்பன்றி. ஒரு வழியும் கிடைக்கவில்லை. இதற்கிடையில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவர் மகள், இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். மந்தின் வீட்டை விற்றாயிற்று. டிசம்பரில் பயணம். போனால் திரும்பி வருகிற மாதிரி இல்லை. சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். நவம்பரில் ஒரு ஞாயிறு, தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கோப்பையை வைத்தார்.

"சரி. வாற ஞாயிறு அந்தத் தோட்டத்துக்குள்ளாலயே போவம்."

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் இன்னும் ஒன்று சொன்னார். "அப்பா அங்கதான் பெரிய கிராணி. நான் பிறந்ததும் அங்கதான்."

கிராணி என்றால் தோட்ட அலுவலகத்து எழுத்தர். இன்றைக்கு அது ஒரு வேலை. அன்றைக்கு அப்படி இல்லை. துரைக்கு அடுத்தபடி தோட்டத்து ஜனங்கள் நடுங்கியது அவருக்குத்தான். என் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தொழிலாளிகள், இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. அப்பா நினைவு, பிறந்த வீடு, அழுகை வருமே என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

தோட்டத்து வாசலில் இரும்புச் சங்கிலி. தோட்டம் கைமாறி, வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். தொழிலாளிகள் எல்லாம் எப்போதோ டவுனுக்குப் போய்விட்டார்கள், முனீஸ்வரர் கோயில் மட்டும் உள்ளே இருந்தது. காவலுக்கு ஒரு நேப்பாளத்துத் தம்பி. கோயிலுக்கு வருகிறவர்களை மட்டும்தான் விடுவேன், அதற்கும் கோயில் பெரியவர் சொல்ல வேண்டும் என்று மலாயில் சொல்லிவிட்டான். அக்கா கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் காட்டினார். அவன் அசையவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். பின்னால் கேரியர் வைத்த கறுப்பு சைக்கிள், ஹேண்டிலில் பூக்கூடை. எழுபது வயது இருக்கும். கோயில் பெரியவர் அவர்தான். தூரத்தில் அவர் தலை தெரியும்போதே அக்கா இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். நானும் சேகரும் பழக்கப்படி இறங்கினோம்.

பெரியவர் மிதித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். "யாரு? எங்க போறீங்க?"

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். சிபாரிசு என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஐயா, இவங்க யாருன்னு தெரியுமா? இந்தத் தோட்டத்துப் பழைய பெரிய கிராணியோட மக!"

பெரியவரின் கை பிரேக்கைப் பிடித்தது. கால் தரைக்கு வந்தது. மறு கை தலையிலிருந்த தொப்பியை எடுத்தது. எல்லாம் ஒரு நொடியில். அவர் எதையும் யோசித்துச் செய்யவில்லை என்பது பார்க்கும்போதே தெரிந்தது. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துக்கொண்டு, அக்கா எப்படி நின்றாரோ அப்படியே அவருக்கு எதிரே நின்றார்.

"கிராணி ஐயா வூட்டு பாப்பாவா?" என்றார்.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"அண்ணே, நீங்க ஏறுங்கோ," என்றார் அக்கா.

"இல்லம்மா. நீங்க மொதல்ல ஏறிப் போங்க."

"நீங்க ஏறுங்கோ அண்ணே. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"கால் தானா எறங்கிருச்சிம்மா. பழக்கம்." பெரியவர் சிரிக்கப் பார்த்தார். ஆனால் ஏறவில்லை. அவர் ஏறாமல் அக்கா ஏறமாட்டார். அக்கா ஏறாமல் அவரும் ஏறமாட்டார். சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். காவல்காரத் தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாராச்சும் ஒருத்தர் ஏறுங்க லா," என்றான் சேகர் மெல்ல. யாரும் சிரிக்கவில்லை.

அக்கா பேசினார். எங்களிடம் இல்லை, பெரியவரிடம். "எனக்கு ஏழு வயசு. அப்பா சின்னச் சைக்கிள் வாங்கித் தந்தவர். நான் இந்த ரோட்டில ஓட்டிக்கொண்டு வந்தால் பெரிய பெரிய ஆக்களெல்லாம் இறங்கி நிப்பினம். எனக்கு! எனக்கு அது விளையாட்டு. ஒரு நாள் ஒருத்தர் இறங்கேல்ல. என்ன அவசரமோ, அப்பிடியே போயிட்டார். ராத்திரி சாப்பிடேக்க அப்பாட்ட சொன்னன். அந்த ஆள் இறங்கேல்ல அப்பா எண்டு. அடுத்த நாளே அவரை மேட்டுக்காட்டுக்கு மாத்திப்போட்டார்."

பெரியவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பாவுக்கும் மேட்டுக்காட்டு நெர குடுத்தாங்க," என்றார். நிரை என்றால் ஒருவர் வெட்டுகிற மரங்களின் வரிசை. மேட்டுக்காடு என்றால் பால் வாளியோடு மலை ஏறி இறங்க வேண்டும். "ஆறு மாசம். காலைல பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சுப் பேரு வாசிச்சப்ப ஏன்னு கேக்கல. எறங்காம போனதுக்குன்னு அவருக்குத் தெரியும்."

"அவர்தானா அண்ணே? நான் சொன்ன ஆள்?"

பெரியவர் இல்லை என்று சொல்லிவிடுவார், அக்கா தப்பித்துவிடுவார் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியலம்மா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தக் காலத்துல மேட்டுக்காட்டுல நெறைய பேரு கெடந்தாங்க."

அக்கா தலையை ஆட்டினார். அழவில்லை. அவர் இறங்குவதை வீட்டில் சொல்லிச் சிரித்த நான்தான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பெரியவரே வழி கண்டுபிடித்தார். தொப்பியைத் தலையில் வைத்தார், சைக்கிளைத் திருப்பினார். "யாரும் ஏற வேணாம். எல்லாரும் தள்ளிக்கிட்டே போவோம். வாங்க." காவல்காரத் தம்பியைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். சங்கிலி இறங்கியது.

கண்ணாடி மாதிரி ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவர்கள் இரண்டு பேரும் முன்னால், நாங்கள் பின்னால். போகப் போகப் பேச்சு மாறியது. கிராணி வீடு இருந்த இடத்தில் செம்பனை நின்றது. கிணறு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று பெரியவர் கையைக் காட்ட, அந்தக் கிணற்றில் தன் செருப்பு விழுந்த கதையை அக்கா சொல்ல, நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. கோயிலில் அக்கா எலுமிச்சம்பழத்தை வைத்தார். பெரியவர் வேறொரு பழத்தை எடுத்து அவர் கூடையில் போட்டார்.

மறுபக்க வாசல் வந்தது. "இப்ப ஏறுங்க பாப்பா," என்றார் பெரியவர்.

"நீங்க முதல்ல."

பெரியவர் எங்களைப் பார்த்தார். பிறகு பெடலில் காலை வைத்து, ஒரு எம்பு எம்பி ஏறினார். திரும்பிப் பார்க்காமல் மணியை மட்டும் ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார். கறுப்பு சைக்கிள் வளைவில் மறையும்வரை அக்கா நின்றுகொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் ஏறினார்.

அன்று மாலை போர்டிக்சனில் முன்சக்கரம் நனைந்தது. அக்கா காலணியோடு கடலில் இறங்கி நின்று, சேகரிடம் கறிபாப் பலகாரம் கேட்டார்.

டிசம்பரில் போனார். முதலில் வாரம் ஒரு குரல்செய்தி வரும். அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறதாம், ஆனால் இறங்கி நின்றால் 'என்ன ஆச்சு, உதவி வேண்டுமா' என்று கேட்கிறார்களாம். போன வருடம் மகள் ஒரு தபால் அனுப்பினாள். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஒரு சின்னக் கடிதம், கூடவே அந்த வரைபடம். மலையிலிருந்து கடல்வரை சிவப்புக் கோடு. அந்தத் தோட்டத்துக்குள் மட்டும் கோடு இல்லை, சிவப்புப் புள்ளிகள். நில அளவைப் படத்தில் புள்ளி வைத்தால் நடைபாதை என்று அர்த்தம்.

அந்தப் பாதை இப்போது பிரபலம். சேகர் அதைக் கைப்பேசி வழியாக இணையத்தில் ஏற்றி விட்டான். கோலாலம்பூரிலிருந்துகூட விலை உயர்ந்த சைக்கிள்களோடு ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்தில் வீடுகள் இன்னும் வரவில்லை, விளம்பரப் பலகைதான் வந்திருக்கிறது. வாசலில் அதே நேப்பாளத்துத் தம்பி; பெரியவர் சொன்னதால் இப்போது எல்லாரையும் உள்ளே விடுகிறான். அன்று எங்களைப் பார்த்தானே, இந்தக் கோயிலுக்கு அதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டான். சைக்கிளில் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஏறினால் விசில் அடிப்பான். அவனே ஒரு பலகையில் மலாயில் எழுதியும் வைத்துவிட்டான். இவ்வளவு நல்ல ரோட்டில் ஏன் இறங்க வேண்டும் என்று இணையத்தில் பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். சேகர் காவல்காரனிடம் எடுத்துச் சொல்லப்போனான். நான்தான் தடுத்தேன்.

போன ஞாயிறு அக்காவின் பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே நடந்தேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர், பளபளக்கும் உடுப்பில், முணுமுணுத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரே கறுப்பு சைக்கிளில் பூக்கூடையோடு பெரியவர் வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கை பிரேக்குக்குப் போனது, ஒரு கால் பெடலை விட்டுக் கிளம்பியது. அந்த எட்டுப் பேரும் வழிவிட்டு இரண்டு ஓரமும் ஒதுங்கி நின்றார்கள். "மார்னிங், அங்கிள்," என்றான் ஒருவன்.

பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்னா தம்பி, இவங்கல்லாம் எந்தக் கிராணிக்கு எறங்கி நிக்கிறாங்க?"

"உங்களுக்குத்தான் பெரியவரே."

கிளம்பிய கால் மறுபடி பெடலுக்குப் போனது. மணியை அடித்துக்கொண்டே, எட்டுப் பேருக்கும் நடுவில், இறங்காமல் போனார்.